பேபி காயில் ஒர்க்ஸ் வெப்சைட்டில் பேசுவது யார்

அந்த ஸ்டூலில் உட்காராதீங்க அண்ணா, ஒரு கால் ஆடும். இந்த மரப்பெட்டி மேல உட்காருங்க. தேங்காய் நார் மில் வேன் வந்து நிற்கும்போதே தெரிஞ்சுபோச்சு, உங்க மோட்டாரை எடுக்கத்தான் வந்திருக்கீங்கன்னு. அதோ, பச்சைக் கலர், கட்டி முடிச்சு மூணு நாளாச்சு. ஆனால் எடுத்துக் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. அம்மாதான் உங்க கண்ணெதிரே ஓட்டிக் காட்டிக் கொடுக்கணும். அம்மா உள்ளே வேற ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுத்திக்கிட்டு இருக்காங்க. சுத்து எண்ணும்போது யாரும் கூப்பிடக் கூடாது. இந்தக் கடையில் இருக்கிற ஒரே சட்டம் அது. யாராவது கூப்பிட்டு, ரெண்டு சுத்து குறைஞ்சுபோனால், அந்த மோட்டார் யார் தோட்டத்துக் கிணற்றடியிலாவது புகைஞ்சு நிற்கும். அதனால் மெதுவாப் பேசுங்க. நானும் மெதுவாத்தான் பேசறேன், இது என் மெதுவான குரல்.

காதைக் கொடுத்துக் கேளுங்க. 'முப்பத்தி ஒண்ணு, முப்பத்தி ரெண்டு, முப்பத்தி மூணு…' ஒரு இடத்திலாவது தடுக்குதா? தடுக்காது. எண்ணும்போது எங்கம்மாவுக்குத் திக்கவே திக்காது. ஆனால் எண்ணி முடிச்சு நிமிர்ந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும்னா, அந்த 'மௌ'வில் நிற்கிற நேரத்தில் மூலனூர் டவுன் பஸ் வந்து, ஆளை இறக்கி, ஆளை ஏத்தி, கிளம்பியே போயிரும்.

மௌனிகா. ஆமா, அதுதான் என் பேரு. சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க, எல்லாரும் சிரிச்சாச்சு. பேரு வெச்சவங்களுக்கு என் வாயைப் பத்தி அப்போ தெரியாது.

உங்க மேனேஜர் தண்டபாணி சார் நல்லா இருக்காரா? இருங்க, அவரையே கேட்டிரலாம். 'ஏம்ப்பா, வண்டிய நிழல்ல போட்டியா இல்லியா, வெயில்ல நிறுத்துனா டயரு உங்கொப்பனா வாங்கித் தருவான்?' பார்த்தீங்களா, எந்திரிச்சுட்டீங்க! உட்காருங்க, உட்காருங்க. நான்தான் பேசினேன். மூக்கால கொஞ்சம் காத்து விடணும், 'டயரு'ன்னு சொல்லும்போது தொண்டையை இறுக்கணும், அவ்வளவுதான் தண்டபாணி சார்.

எனக்கு எல்லாரும் வருவாங்க அண்ணா. எங்க ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் வருவாங்க. பத்தாவது படிக்கும்போது ஆபீஸ் ரூமில் யாரும் இல்லாத நேரமாப் பார்த்து, மைக்கைப் போட்டு, அவங்க குரலில் பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் அரைநாள் லீவு விட்டேன். எழுநூறு பேர் வீட்டுக்குப் போனாங்க. ரெண்டு டீச்சரும் போனாங்க, அதை யாரும் பேசறதில்லை. என்னை மட்டும் ஒரு வாரம் வெளியே நிறுத்தினாங்க.

சரி, என் வயித்தெரிச்சலுக்கு வரேன். நீங்களே நியாயம் சொல்லுங்க. நீங்க மில் ஆள்தான், இருந்தாலும் உங்க முகத்தைப் பார்த்தால் நியாயம் தெரிஞ்ச ஆள் மாதிரி இருக்கு.

எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியுமா பன்னிரண்டு வருஷம் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் காயில் கட்டினவங்க. அங்கே அந்த வேலைக்குப் பொம்பளைங்கதான். இங்கே வந்து கடை போட்டதும், 'பொம்பளை கட்டுன காயிலா?'ன்னு ஊரே கேட்டது. அப்பா மஸ்கட்டில் கிரேன் ஓட்டறார். இருந்தாலும் அவர்தான் லீவில் வந்து ராத்திரியோட ராத்திரியாக் கட்டி வெச்சிட்டுப் போறார்னு பேசிக்கிட்டாங்க. அப்படி நினைச்சாலும் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டாங்க. அம்மா யார்கிட்டயும் வாயைத் திறந்து நான்தான் கட்டினேன்னு சொல்ல மாட்டாங்க. சொல்ல ஆரம்பிச்சால் முடிக்கறதுக்குள்ளே அவங்க வண்டியைக் கிளப்பிருவாங்க.

போன தை மாசம் தண்டபாணி சார் போன் பண்ணினார். மூணு மில், முப்பது மோட்டார், வருஷம் பூரா எங்களுக்கே கொடுக்கலாம்னு இருக்கோம்னார். எங்க வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை வந்ததே இல்லை. ஆனால் ஒண்ணு சொன்னார். 'எங்க முதலாளி கோயமுத்தூர்ல உக்காந்துட்டு லிங்க்கைப் பாத்துத்தானுங்க ஆளை முடிவு பண்ணுவாரு. உங்களுக்கு வெப்சைட் இருக்குங்களா?' போனை எடுத்தது நான். இருக்குங்கன்னேன். எப்போ இருந்துன்னு அவர் கேட்கலை, நானும் சொல்லலை.

திருப்பூரில் இருந்து ஒருத்தரை வரவழைச்சோம். பிரசன்னான்னு பேரு, டை கட்டியிருந்தார். சித்திரை வெயில் மாதிரி அடிக்குது, இந்த வார்னிஷ் நாத்தத்தில் டை! 'மேடம், பேசிக்கா ஒரு ப்ரொஃபஷனல் லுக் வேணும் மேடம். ஹோம், அபவுட் அஸ், சர்வீசஸ், பேசிக்கா அஞ்சு பேஜ் மேடம்.' அவர் காட்டின மாதிரியில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர் ஒருத்தர் கையைக் கட்டிக்கிட்டுச் சிரிக்கறார். அம்மா அதைப் பார்த்துட்டு, 'இ… இவரு யாருங்க?'ன்னாங்க. 'அவர்தான் மேடம் உங்க எஞ்சினியர்.' இன்னொரு மாதிரியைத் திறந்தார், கடைப் பேரில் இருக்கிற எங்கம்மா பேரு 'பேபி'யைப் பார்த்துட்டு அது தானாக ஒரு தொட்டில் குழந்தை படத்தைப் போட்டுருச்சு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவரை அனுப்பிட்டு, நானே பண்றேன்னு சொல்லிட்டேன். ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்தாங்க, அதனால் நேரம் நிறைய இருந்தது.

சும்மா பண்ணினேன்னு நினைக்காதீங்க. மோட்டாருக்குள்ளே சொருகுவோமே, அந்த இன்சுலேஷன் பேப்பரில் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பக்கம்னு வெச்சு, இதோ இந்தச் சுவத்தில் ஒட்டினேன். பசை காய்ஞ்ச தடம் இன்னும் இருக்கு பாருங்க. முதல் பக்கத்தில் பெருசாப் போன் நம்பர். ஏன்னு சொல்லுங்க? மோட்டார் எரிஞ்சவன் படம் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டான், அவன் தோட்டத்துக்குத் தண்ணி பாயாம நிக்குது. நம்பரைத் தொட்டால் போன் போகணும். அப்புறம் எரிஞ்ச காயில் படம் ஒண்ணு, அதே காயிலை அம்மா கட்டின பிறகு ஒண்ணு, பக்கத்துப் பக்கத்தில். என்ன வேலை எடுப்போம், எத்தனை நாளில் கொடுப்போம். மிக்ஸி, ஃபேன் எடுக்க மாட்டோம்னு அம்மா ஒரு வரி போடச் சொன்னாங்க, போட்டேன். எல்லாம் முடிச்சுட்டு சைக்கிளில் கரட்டுக் காடு வரைக்கும் போய், ஒத்தைக் கோட்டு சிக்னலில் திறந்து பார்த்தேன். பதினெட்டு நொடி ஆச்சு. படங்களைச் சுருக்கினேன். ஆறு நொடியில் திறந்தது. அந்த டைக்காரர் காட்டுக்குப் போய்ப் பார்ப்பாரா?

லிங்க்கை அனுப்பினேன். தண்டபாணி சார் கூப்பிட்டார். 'வெப்சைட் ஜம்முனு இருக்குதுங்க. ஆனா முதலாளி, ஓனரம்மா பேசற மாதிரி ஒரு வீடியோ இருந்தா ஆளைப் புரிஞ்சுக்கலாம்ங்கறாரு.'

பேசற மாதிரி. இப்போ நீங்க சொல்லுங்க அண்ணா, நான் என்ன பண்ணியிருக்கணும்?

அம்மா கைகளை மட்டும் படம் எடுத்தேன். செம்புக் கம்பி விரலுக்கு நடுவே ஓடறது, காயில் மோட்டார் ஸ்லாட்டுக்குள்ளே இறங்கறது. அது மேல குரல். 'வணக்கமுங்க. நான் பேபி. பன்னிரண்டு வருஷம் கோயமுத்தூரில் காயில் கட்டினேன். பதினாலு வருஷமா மூலனூரில் கட்டறேன். நான் கட்டின மோட்டார் திரும்பி வந்தா, நானே இலவசமாக் கட்டித் தருவேன்.' சரியா ஒரு நிமிஷம். யார் குரல்னு கேட்கறீங்களா? அம்மா குரல்தான். நான் பேசினது, ஆனால் அம்மா குரல். அந்த 'ங்க'வை இழுக்கற இழுப்பு, வார்த்தைக்கு நடுவே மூச்சு வாங்கறது, எல்லாம் அம்மாதான். திக்கலை மட்டும் எடுத்துட்டேன். தண்டபாணி சார் மூக்கை விட மாட்டேன், ஹெட்மிஸ்ட்ரஸ் இருமலை விட மாட்டேன். அம்மா திக்கலை மட்டும் நான் என்னிக்கும் செய்ததில்லை. செய்தால் கிண்டலாப் போயிராதா? நானா எங்கம்மாவைக் கிண்டல் பண்ணுவேன்? சின்ன வயசில் இருந்தே அம்மா எங்கேயாவது சிக்கினால் மீதியை நான்தான் சொல்லுவேன். மளிகைக் கடையில், பஸ்ஸில், பேங்க்கில். 'து… து…'ன்னா 'துவரம்பருப்பு அரைக் கிலோ'ன்னு நான் சொல்லிருவேன். ஒரு தடவை அவங்க கேட்க வந்தது துணி சோப்பு. பரவாயில்லை, பருப்பும் வீட்டுக்கு வேணும்தானே?

வீடியோவை அம்மாகிட்டக் காட்டினேன். சத்தத்தைக் குறைச்சுட்டுக் காட்டினேன். அது பொய்யா? அவங்க சத்தம் வைன்னு கேட்கலை. 'படத்துல கை நல்லா வி… விழுந்திருக்கு'ன்னு சந்தோஷப்பட்டாங்க.

அப்புறம் பார்க்கணுமே! போன் நிற்கலை. கடைப் போன் என் கையில்தான் இருக்கும். அம்மாவுக்கு ரெண்டு கையிலும் வேலை. எடுக்கறேன், 'வணக்கமுங்க, பேபி பேசறேன்.' தண்டபாணி சார்கூட தினம் பேசுவேன். பேரிங் பத்திக் கேட்பார், ஆம்ப்ஸ் பத்திக் கேட்பார், அம்மாகிட்டக் கேட்டு அம்மா குரலிலேயே சொல்லுவேன். 'உங்ககிட்டப் பேசுனா வெவரமாப் பேசுறீங்கம்மா'ன்னார். நான் பூரிச்சுப் போயிட்டேன். அம்மாவைப் புகழ்ந்தால் பூரிக்க மாட்டேனா?

மாசி கடைசியில், 'ஒரு தடவ மில்லுக்கு நேர்ல வாங்க, மோட்டார் எல்லாத்தையும் ஒட்டுக்காப் பாத்துட்டு எழுதிக்கலாம்'னார். அன்னிக்கு எனக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை. நான் இல்லாமல் போக வேண்டாம்மா, ரெண்டு நாள் தள்ளிப் போடலாம்னு சொன்னேன். அம்மா கேட்கலை. இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு, டெஸ்டரைப் பையில் போட்டுக்கிட்டு, பஸ் ஏறிட்டாங்க.

என்ன? நீங்க அன்னிக்கு அங்கே இருந்தீங்களா? லோடு ஏத்திக்கிட்டு இருந்தீங்களா?

அப்போ உங்களுக்கே தெரியும். தண்டபாணி சார் வெளியே வந்து, 'யாரும்மா நீங்க?'ன்னு கேட்டார். அம்மாவுக்கு எல்லா வார்த்தையை விடவும் சிக்கறது அவங்க பேருதான். 'பே… பே…'ன்னு நின்னாங்க. அவர், 'ஓனரம்மா வரலீங்களா, உங்களை அனுப்பிச்சாங்களா?'ன்னார். அம்மா தலையை ஆட்டி இல்லைன்னாங்க, நெஞ்சில் கையை வெச்சுக் காட்டினாங்க. அவர் சிரிச்சுட்டு, 'ஓனரம்மாகிட்ட நான் தெனமும் பேசறனுங்க, எனக்குக் குரல் தெரியாதா?'ன்னு சொல்லி, போனை எடுத்து, எங்க வெப்சைட்டைத் திறந்து, அந்த வீடியோவைப் போட்டு, அம்மா முகத்துக்கு நேரா நீட்டினார். 'இதுதானுங்க பேபியம்மா குரல்.'

அம்மா முழுசையும் நின்னு கேட்டாங்களாம். அப்புறம் திரும்பிட்டாங்க. ரெண்டு நிமிஷம்தான் அங்கே நின்னேன்னு என்கிட்டச் சொன்னாங்க.

எவ்வளவு நேரம்னு சொல்றீங்க?

அரை மணி நேரமா? வெயிலில், எடைமேடைகிட்டயா?

என்கிட்ட ரெண்டு நிமிஷம்னாங்க அண்ணா.

சரி. அது தண்டபாணி சார் தப்பு. ஒரு பொம்பளை நெஞ்சில் கையை வெச்சு நான்தான்னு காட்டினால் நம்ப வேண்டாமா? என் தப்பு என்ன இருக்கு? நான் கொடுத்த குரலில் ஏதாவது குறை இருந்ததா?

வீட்டுக்கு வந்து அம்மா என்னைத் திட்டலை. திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும், திட்டறவங்களை நான் திருப்பிச் செய்துகாட்டிச் சிரிக்க வெச்சிருவேன். வீடியோவைப் போடச் சொன்னாங்க. சத்தத்தோட. மூணு தடவை கேட்டாங்க. 'இது யாரு கண்ணு?'

'நீதாம்மா.'

'நானா?'

'திக்காத நீ.'

அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. 'ஊருல எல்லாத்தையும் அச்சு அசலாப் பேசிக் காட்டற. எதிர்வீட்டு நாயைக்கூடச் சரியாச் செய்யற. என்னை மட்டும் தப்பாச் செஞ்சிருக்க.'

திக்கித்தான் சொன்னாங்க. உங்களுக்காக நான் சரிபண்ணிச் சொல்றேன்.

எனக்கு வந்த கோபம்! தப்பாவா? என்னையா? மூலனூரில் போய்க் கேளுங்க, மௌனிகா ஒரு குரலைத் தப்பாச் செய்தாள்னு ஒருத்தர் சொல்லட்டும். கண்டக்டர் சொல்லட்டும், கவுன்சிலர் சொல்லட்டும். அன்னிக்கு ராச்சோறு திங்கலை நான்.

காலையில் அம்மா குளிச்சு, பொட்டு வெச்சு, அந்த டேபிள் மேல போனைச் சாய்ச்சு நிறுத்தி, எதிரே உட்கார்ந்தாங்க. கை இல்லை, இந்தத் தடவை முகம். நான் எழுதின அதே வரிகள். 'வணக்கமுங்க. நா… நான்…' நாலு நிமிஷம் இருபது நொடி ஆச்சு. அந்தப் 'பேபி'க்கு மட்டும் இருபத்தி ரெண்டு நொடி. முடிச்சுட்டு, 'பழசை எடுத்துட்டு இதைப் போ… போடு'ன்னாங்க.

போட மாட்டேன்னுட்டேன். நல்லாவே சண்டை போட்டேன். நாலு நிமிஷம் யார் பார்ப்பாங்க? முப்பது மோட்டாரும் போயிரும். சரி, திக்கற இடத்தை எல்லாம் வெட்டிட்டுப் போடறேன், நிமிஷத்துக்குள்ளே முடிச்சிரலாம்னேன். வெட்டப்படாதுன்னாங்க. பாஸ்வேர்டைக் கொடுக்க மாட்டேன்னேன். அம்மா ரொம்ப நிதானமா, 'அப்ப அந்த டை கட்டுன தம்பியைக் கூப்பிட்டு வே… வேற வெப்சைட் போட்டுக்கறேன்'னாங்க.

அந்த ஆளா? ஹெல்மெட் வெள்ளைக்காரனை நட்டு வெச்சிட்டுப் போறதுக்கா? நான் சுவத்தில் பேப்பர் ஒட்டி, காட்டில் சிக்னல் தேடிக் கட்டின வெப்சைட்டை மூடிட்டு, பேசிக்கா ஒண்ணா? அடுத்த நிமிஷம் நானே போட்டுட்டேன். அழுதுக்கிட்டே போட்டேன், ஆனால் போட்டுட்டேன்.

இதுதான் அண்ணா என் வயித்தெரிச்சல். என் குரலைக் கழட்டிட்டாங்க. இருபது நாளா இந்தக் கடையில் போனை எடுத்தால், 'பேபி காயில் ஒர்க்ஸ், பொண்ணு பேசறேன்'னு சொல்லணுமாம். அதுவும் என் குரலில். என் குரலில் என்ன இருக்கு? அது மட்டும்தான் எனக்குச் சரியா வராது.

அந்த நாலு நிமிஷத்தை இதுவரைக்கும் முன்னூத்தி அம்பது பேர் பார்த்திருக்காங்க. எத்தனை பேர் கடைசி வரைக்கும் பார்த்தாங்கன்னு வெப்சைட்டில் எனக்குக் காட்டும். சொல்ல மாட்டேன்.

உங்க மில்லில் இருந்து ஒன்பது நாள் மூச்சே இல்லை. அப்புறம்தான் இந்த ஒரு மோட்டார் வந்தது. 'இதைக் கட்டிக் குடுங்க, ஓட்டிக் காட்டிட்டு ஓனரம்மாவே எங்கிட்டப் பேசட்டும், அப்புறம் மத்ததைப் பாக்கலாம்'னு தண்டபாணி சார் சொல்லி அனுப்பியிருக்கார். எந்தப் பேபி நிஜம்னு அவருக்கே சந்தேகம். நான் அம்மாகிட்டக் கெஞ்சிப் பார்த்தேன். கடைசியா ஒரே ஒரு தடவை நான் பேசிடறேன், முப்பதும் வந்திரும், அப்புறம் உன் இஷ்டம்னேன். அம்மா கம்பியை எடுத்து எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

ஷ். எண்ணறது நின்னுபோச்சு.

அம்மா, நார் மில் அண்ணா வந்திருக்காங்க. மோட்டாரை எடுக்க.

வாங்க அண்ணா, கிட்ட வந்து நில்லுங்க. ஒயர் கொடுத்தாச்சு, சுவிட்சைப் போடறாங்க. கேட்டீங்களா? உறுமல் இல்லை, ஒரே சீரா இருக்கு. மேல கையை வைங்க, ஒண்ணும் ஆகாது. நடுக்கம் இருக்கா? அஞ்சு நிமிஷம் கையை எடுக்காதீங்க, சூடு ஏறுதான்னு நீங்களே பார்த்துச் சொல்லணும். இப்படித்தான் எங்கம்மா டெலிவரி கொடுப்பாங்க.

சுவிட்சை அணைச்சுட்டாங்க. போனுக்குக் கை நீட்டறாங்க.

அம்மா, நான் வேணும்னா… சரி. சரி, இந்தா.

மில் ஆபீஸ் லேண்ட்லைனுக்கு அடிச்சு, ஸ்பீக்கரில் போட்டுட்டாங்க அண்ணா. ரோட்டில் போறவங்களுக்கே கேட்கும். 'ஹலோ, தண்டபாணிங்க, யாருங்க?'

உதட்டை அசைக்காதீங்க. வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. எனக்கும் நாக்கு நுனியில் நிற்குது, நான் கடிச்சுக்கிட்டு நிற்கலையா? 'பே'யில் நிற்கறாங்க. வந்திரும். வந்திரும்…

கட் பண்ணிட்டார்.

திரும்பப் போடறாங்க. 'ஹலோ? ஹலோ, யாருங்க, சத்தமே வரலீங்களே?' கண்ணை மூடிட்டாங்க பாருங்க, வரப்போகுது… ஐயோ, மறுபடி கட் பண்ணிட்டார்.

அம்மா, கொடும்மா, ஒரு நொடி. ஒரே நொடி.

என்னைப் பார்க்கக்கூட இல்லை. மூணாவது தடவை போடறாங்க. அவர் ஹலோங்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க. 'பே… பே… பேபி பேசறனுங்க.' வந்துருச்சு! 'மோ… மோட்டாரு ஓடுது, உங்க ஆளு கை வெச்சுப் பா… பாத்துட்டாரு. மீதி இருபத்தி ஒம்பதையும் அ… அனுப்புங்க. ஆனா நான் பே… பேசி முடிக்கற வரைக்கும் போனை வெ… வெக்கப்படாதுங்க. வெச்சா எனக்கு உங்க வே… வேலை வேண்டாங்க.'

மறுபடி வெச்சுட்டாரா?

இருக்காரா? இருக்கார். மூச்சு கேட்குது.

'ச… சரிங்க… சரிங்கம்மா. நாளைக்கே அ… அனுப்பறனுங்க.'

அண்ணா! அண்ணா, கேட்டீங்களா? உங்க தண்டபாணி சார் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், கேட்டீங்களா? இதை விடுவேனா நான்? இருங்க, ஈரம் காயறதுக்குள்ளே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கறேன். 'ச… சரிங்க… சரிங்கம்மா.' வந்துருச்சா?

இல்லை, இன்னும் கொஞ்சம் பயம் சேர்க்கணும்.